ஒரு சத்தியமும் ஒரு சக்கரப் போனும்

போன் மணி அடித்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வலது கைதான் துடிக்கும். காது அதற்கப்புறம்தான் கேட்கும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கை பட்டது அந்தக் கைக்குத்தான் தெரியும்.

நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த காலம் அது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் கோட்டாற்றில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். கடிகாரம், தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ் விளக்கு என்று எது வந்தாலும் திறந்துவிடுவேன். யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. திறந்து பார்ப்பேன், திரும்ப மூடுவேன், திருகாணி எதுவும் மிச்சம் வராவிட்டால் நிம்மதியாக மூச்சு விடுவேன். "அவன் கையில குடுத்தா ஒண்ணு சரியாவும், இல்லேன்னா அதுக்கப்புறம் வேற யாராலயும் சரியாக்க முடியாது" என்று கடைத்தெருவில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். கோபமே வராது. உண்மையைச் சொன்னால் என்ன செய்ய முடியும்?

வடசேரியில் ஒரு புளி வியாபாரி இருந்தார். எனக்கு அவர் அண்ணாச்சி, அவர் மனைவி மைனி. இரத்த உறவு கிடையாது, அவர்கள் வீட்டுக் கடிகாரம் அடிக்கடி நின்றுபோகும், அதில் வந்த உறவு. அந்த வீட்டில் இரண்டு போன் இருந்தன. ஒன்று சுவரில் அடித்த மரப்பெட்டி. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் ஆள் எடுப்பார், யாரோடு பேச வேண்டும் என்று சொன்னால் இணைத்துக் கொடுப்பார். எங்கள் ஊரில் போன் என்றாலே அதுதான்.

மற்றது கண்ணாடி அலமாரிக்குள் இருந்த கறுப்புப் போன். நெஞ்சில் பத்து ஓட்டை போட்ட சக்கரம். திருவனந்தபுரத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது சாமான்களை ஏலம் போட்டிருக்கிறார். கட்டில் எடுக்கப் போன அண்ணாச்சி இதை எடுத்துக்கொண்டு வந்தார். அங்கே சக்கரத்தைச் சுற்றினால் ஆள் தயவில்லாமல் தானே இணைத்துக்கொள்ளுமாம். நாகர்கோவிலுக்கு அந்த வசதி வந்திருக்கவில்லை. எவ்வளவு சுற்றினாலும் அது எங்கேயும் போகாது. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் இல்லாத பொருள் என்று பார்க்க ஆட்கள் வருவார்கள். ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றி, அது 'கிர்ர்' என்று திரும்பி வருகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள்.

"பேசாத சவத்துக்கு இம்புட்டு மரியாதை. பேசுக என்னைப் பாக்க ஒரு ஆளு வரல்லியே" என்பார் மைனி. அதையும் அண்ணாச்சி காதில் விழாத அளவுக்குத்தான் சொல்வார். அண்ணாச்சி முன்னால் மைனியின் குரல் பாதி காற்றாகத்தான் வரும்.

ஒரு ஆடி மாதம் அண்ணாச்சி புளி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் ஆணியை மிதித்துவிட்டார். ஏற்கெனவே சர்க்கரை வியாதிக்காரர். கால் வீங்கி, விரல்கள் கறுத்துப் போயின. அவர் தம்பி ஒரு கார் பிடித்து வந்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கார் கிளம்பவில்லை என்று தள்ளுவதற்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

காரில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி வெளியே கையை நீட்டினார். "எவன் சொன்னாலும் எங்காலை வெட்ட விடமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

அவருடைய அப்பாவுக்குக் காலை எடுத்தார்கள். அவர் வீடு திரும்பவில்லை. அந்தப் பயம் அண்ணாச்சிக்கு.

மைனி கொஞ்சம் தயங்கினார். அப்புறம் அவர் உள்ளங்கையில் தன் கையால் அடித்து, "விடமாட்டேன்" என்றார். அந்தக் காலோடும் கிட்டங்கியை விடாத அண்ணாச்சியின் கை. விரலிடுக்கில் புளி காய்ந்திருந்தது. மைனி கையை எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பிரிந்ததைப் பார்த்தேன். கையிலடித்துச் செய்த சத்தியம் என்றால் எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. மீறினால் வீட்டில் ஏதாவது ஒரு தலை விழும் என்று நம்புகிற ஊர்.

கார் போய்ச் சில நாளில் கலவரம் முற்றிவிட்டது. பஸ் நின்றது. தக்கலைக்கு அப்பால் யாரும் போகவில்லை. ஊருக்குள் எல்லா முக்கிலும் போலீஸ். அப்போது ஒரு சொந்தக்காரர் திருவனந்தபுரத்திலிருந்து குளத்தங்கரை, தோப்பு என்று குறுக்கு வழியாகவே சைக்கிளில் வந்து மைனியிடம் விஷயத்தைச் சொன்னார். விஷம் மேலே ஏறுகிறது, காலை எடுத்தால் ஆள் பிழைப்பார், நாளை தாண்டினால் எடுத்தும் பயனில்லை. அண்ணாச்சி ஒரே பிடியாக நிற்கிறார்: "அவ எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கா. வாயால குடுத்தத அவ வாயாலயே எடுக்கணும். என் காதுல கேக்கணும். கேட்டா நான் படுக்கேன்." இன்றைக்கு வெளியூர் லைன் கிடைக்கவில்லையாம், நாளைக்கு மதியத்துக்குள் எப்படியும் ஆஸ்பத்திரியிலிருந்து ட்ரங்க் கால் போடுவார்களாம்.

சொந்தக்காரர் போனதும், போன் வேலை செய்கிறதா என்று பார்க்க மைனி சுவர்ப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார். பெட்டி கையோடு வந்துவிட்டது. பின்னால் பலகை முழுக்கக் கறையான். கல் தரையில் விழுந்து பேசுகிற குழல் சில்லுச் சில்லாகிவிட்டது. உள்ளே இருந்த காந்தம் இரண்டாகப் பிளந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அவர்கள் வீட்டு வண்டிக்காரர் என் கடை வாசலில் நின்றார். "போன் ஒடஞ்சு போச்சு. கம்பி கிம்பி இருந்தா எடுத்துட்டு வரச் சொன்னாவ." ஒரு சுருள் செம்புக் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அந்தச் சமயத்தில் தந்திக் கம்பிகளை அறுக்கிறார்கள் என்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. பிடிபட்டால் முதுகுத் தோல் மிஞ்சாது என்று கடைத்தெருவில் பேச்சு. இது எனக்குத் தெரியும். ஆனால் பையில் இருப்பது கம்பிதான் என்பது போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திய பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

"சஞ்சியில எந்தா?" என்று பையைக் காட்டி மலையாளத்தில் கேட்டார்.

"கடிகார ரிப்பேர் சாமான் சார்."

அவர் பைக்குள் கையை விட்டார். செம்புச் சுருள் பாம்பு மாதிரி வெளியே வந்தது. "கடிகாரத்துக்கு இத்தற கம்பியோ?"

திருகாணி கழற்றும் திருப்புளியை எடுத்துக் காட்டினேன்.  

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். "கடிகாரம் நன்னாக்குறவன் கையில வாட்ச் எவிட?"

"இல்ல சார். வாங்கல்ல."

"வாங்கல்லியோ?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது. அவருக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. கம்பிச் சுருளைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "போ. திரிஞ்சு நோக்காத போ" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வடசேரி வந்து சைக்கிளை நிறுத்தும்போதுதான், வழி முழுக்க மணியை அடித்துக்கொண்டே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

மைனி வாசலிலேயே நின்றார். முந்தின நாளிலிருந்து அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அலமாரியைத் திறந்து கறுப்புப் போனைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இதைப் பேச வை."

"மைனி, எனக்குப் போன் தெரியாது. லைன்மேனைக் கூப்பிடுங்கோ."

"அவனுவ எல்லாம் ரோட்டுல அறுந்த கம்பியக் கட்டப் போயாச்சு. தபாலாபீஸ்ல போலீசு நிக்கு, உள்ள விடமாட்டேங்கான்."

"ஒரு தந்தி?"

"சத்தியத்தத் தந்தியில எடுக்க முடியுமா? அதுவும் தந்தின்னு சொன்னாலே அவ்வோ செத்துப் போயிருவாவ." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கும் போன் தெரியாதுதான். நம்ம ரெண்டு பேருல நீதானே திருப்புளி வச்சிருக்க."

போனைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு குடித்தனமே நடந்திருந்தது. கரப்பான் முட்டை, பல்லி எச்சம், காய்ந்துபோன ஒரு குளவிக் கூடு. 'கிர்ர்' என்று சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் சில மாதமாகத் திரும்புவதில்லை. யாரோ நல்லெண்ணத்தில் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கதவுக் கீல், சைக்கிள் செயின், தலைமுடி, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தானே. அது பிசினாக இறுகிப் பல்லையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. சீமெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். சுற்றத் தேவையில்லாத சக்கரம்தான், ஆனால் ஒன்று ஓடாமல் கிடந்தால் எனக்கு மற்றதில் கை ஓடாது.

பேசுகிற வாயைப் பார்த்ததும்தான் பகீரென்றது. அதில் ஊசித் துளைகள் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. வழவழவென்று மஞ்சளாக அடைத்திருந்தது. முகர்ந்தேன். சந்தனம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அரிவாள், தராசு, கிட்டங்கிச் சாவி எல்லாவற்றோடும் சேர்த்து இதற்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். பொட்டு வைக்க நெற்றி மாதிரி இருந்த இடம் அதன் வாய்.

"நான்தான் வச்சேன்" என்றார் மைனி. "அதுக்கு வாயி எது மூஞ்சி எதுன்னு யாரு கண்டா?"

குண்டூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தேன். உள்ளே சத்தத்துக்கு அதிர்கிற தட்டு, அதற்குப் பின்னால் கரித்தூள். தூள் இறுகியிருந்தது. மெதுவாகத் தட்டிக் கலகலவென்று ஆக்கினேன். இணைக்கக் கம்பி இல்லை, என் கம்பி போலீஸ் தோளில் இருந்தது. விழுந்து உடைந்த பெட்டிக்குள்ளிருந்து கம்பியைப் பிடுங்கி, முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். பழைய போனைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சு எடுக்கும். இதற்குக் கைப்பிடி கிடையாது. நாங்கள் யாரையும் கூப்பிட முடியாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் வழி இல்லை. அவர்கள் கூப்பிடும்போதுதான் தெரியும். 

சுவரிலிருந்து வருகிற இரண்டு கம்பிகளையும் கையில் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது என்னை யாரோ தோளிலிருந்து பிடித்து உலுக்கினார்கள். அப்படித்தான் நினைத்தேன். கை தானாகத் துள்ளியது, பல் கிட்டித்துக்கொண்டது, கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினது போல் உட்கார்ந்தேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து மணி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மணி போனுக்குப் போகும் முன் என் உடம்பில் அடித்துவிட்டது.

"கால் வந்தாச்சு மைனி!" என்று கத்தினேன்.

கம்பியைப் போனில் மாட்டினேன். இப்போது மணி அடித்தது. அத்தனை வருஷம் ஊமையாய் இருந்த பொருள் அடித்த முதல் மணி. மைனி காதைப் பொத்திக்கொண்டார். எடுத்தேன்.

"ஹலோ, ட்ரங்க் கால். ஹலோ. எடுத்தது யாரு?" எக்ஸ்சேஞ்சுக்காரர் பேசுவது பக்கத்து அறையில் பேசுவது போல் கேட்டது.

"நான்தான், பேசுங்கோ!"

"ஹலோ... ஹலோ... எடுத்துட்டுப் பேசாம இருந்தா எப்படி? ஹலோ."

"பேசுகேன், கேக்கல்லியா!" அவர் சலிப்போடு ஏதோ முணுமுணுத்தார். லைன் அறுந்தது.

நாங்கள் கேட்கிறோம், அங்கே எங்கள் சத்தம் போகவில்லை. சந்தனம் இன்னும் மிச்சமோ என்று மறுபடி கழற்றினேன். ஊதினேன், தட்டினேன், கரித்தூளை வெயிலில் காட்டினேன். கை போன போக்கில் ஏதேதோ செய்தேன் என்பதுதான் சரி. மைனி பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.  

மறுபடி மணி. இந்தத் தடவை மைனியே எடுத்துவிட்டார். குழலை நடுவில் பிடித்தோம், இரண்டு பேர் காதும் அதில்தான்.

"ஏட்டி." அண்ணாச்சி. குரல் காய்ந்துபோய் இருந்தது. "ஏட்டி, கேக்கா?"

"கேக்கு! கேட்டேளா, நான்தான்!"

"ஏட்டி, இருக்கியா? ஒண்ணும் பேச மாட்டேங்கியே."

"பேசுகேன்! இங்க இருக்கேன்!" மைனி வாயைக் குழலோடு ஒட்டிக்கொண்டு கத்தினார். அங்கே போகவில்லை.

 பிறகு அவர் பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னார்: "அவ இருக்கா. எனக்குத் தெரியாதா? சத்தியத்த எடுக்க மனசில்ல, அதான் பேச மாட்டேங்கா. நியாயந்தான். விடுங்கோ டாக்டர், வேண்டாம்."

மைனி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன். "நான் பேசாம இருந்தே கொல்லுகேன் தம்பி" என்றார். சொன்னவர் சட்டென்று நிறுத்தித் தரையைப் பார்த்தார். பெட்டி விழுந்த இடத்தில் ஏதோ தண்ணீர் காய்ந்து, உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது.

"குப்பி" என்றார். "அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு குப்பி இருந்துதே. அதுல நவச்சாரத் தண்ணி. லைன்மேன் சொல்லுவான், குப்பியில வெள்ளம் வத்திச்சின்னா அவிய பேசுகது வரும், நம்ம பேசுகது போவாதுன்னு. நான்தான் மாசாமாசம் ஊத்துவேன்."

பாட்டரி! பழைய பெட்டிக்கு உள்ளேயே பாட்டரி இருந்திருக்கிறது. நான் அது மணிக்கு என்று நினைத்து, உடைந்த கண்ணாடியோடு கூட்டி ஒதுக்கிவிட்டேன். துரையின் போனுக்கு அங்கே எக்ஸ்சேஞ்சே மின்சாரம் அனுப்பும், இங்கே அனுப்பாது. இதெல்லாம் இப்போது விளக்கமாகச் சொல்கிறேன். அன்றைக்கு என் மண்டையில் வந்தது ஒரே வார்த்தைதான்: டார்ச்.

"டார்ச் லைட் எங்க?"

மைனி தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மூடியைத் திருகிக் பாட்டரிக் கட்டைகளைத் தரையில் கொட்டினேன். ஒரு கம்பியைப் போனிலிருந்து பிடுங்கினேன். அதுவரை குழலில் கேட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிச் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று பயந்தாலும் கையை நிறுத்தவில்லை. கட்டைகளை வரிசையாக வைத்து, ஒரு முனையில் அந்தக் கம்பி, மறுமுனையில் போனுக்குப் போகும் கம்பி, இரண்டு முனையையும் என் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்தேன். இன்னொரு தடவை மணி அனுப்பினார்கள் என்றால் மொத்தமும் என் உடம்பில்தான் பாயும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பேசுங்கோ மைனி" என்றேன்.

"போவாதீங்கோ!" என்று மைனி போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். "வச்சிராதீங்கோ! நான்தான்!"

 அப்புறம் அண்ணாச்சி குரல் சந்தேகமாக வந்தது. "யாருட்டீ பேசுகது? எம் பொண்டாட்டிக்கு இவ்வளவு சத்தம் கிடையாதே."

"நான்தான். காருல இருந்து கையை நீட்டுனேளே. புளிக்கை. அடிச்சா பிசுக்குன்னு ஒட்டிச்சு. அந்தக் கையில குடுத்தத இப்போ எடுக்கேன். வெட்டச் சொல்லுங்கோ. சத்தியம் தப்பினா வாறது எனக்கு வரட்டும்."

அவர் அழுகிறார் என்று தெரிந்தது. அவர் அழுது நான் கேட்டதில்லை.

"ஒத்தக்கால் ஆளு ஒனக்குக் கொள்ளாமா?"

"கொள்ளாம், எனக்கு அது போதும். காலை அங்க வச்சிட்டு மிச்சத்தக் கொண்டு வாங்கோ."

"சரி" என்றார். அதற்குள் எக்ஸ்சேஞ்சுக்காரர் நேரம் முடிந்தது என்று குறுக்கே வந்து வெட்டிவிட்டார்.

என் கட்டைவிரல்களைக் கட்டையிலிருந்து பிரித்து எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கம்பிகளைப் பற்றவைத்து, டார்ச் கட்டைகளைத் துணியில் சுற்றிப் போனுக்குப் பக்கத்தில் கட்டினேன். வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மைனி பூஜை அறை வாசல்வரைக்கும் போவார், உள்ளே போகாமல் திரும்பி வருவார். "சத்தியத்த மீறினவ. எந்த முகத்தோட போய் நிக்க?" என்பார். நான் போனைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்து முற்றத்தில் தென்னை நிழல் நீண்ட நேரத்தில் மணி அடித்தது.

இரண்டு பேரும் எழுந்து நின்றோம். எடுக்கவில்லை.

"நீ எடு தம்பி."

"நான் எடுக்க மாட்டேன் மைனி. இன்னைக்கு நான் பயப்படுறதுக்கு உள்ளதெல்லாம் பயந்தாச்சு."

அது அடித்துக்கொண்டே இருந்தது. மைனி போய் எடுத்தார். காதில் வைத்துக்கொண்டு "ம்" என்றார். இன்னொரு "ம்". அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.  கடைசியில் குழலை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"கொழுந்தன். காலை எடுத்தாச்சாம். அவ்வோ முழிச்சாச்சாம்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "முழிச்சதும் கேட்ட மொதல் வார்த்தை, 'அவ இன்னும் கத்திட்டா இருக்கா?'ன்னாம்."

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் என்ன செய்தேன் என்பதும் நினைவில்லை.

அண்ணாச்சி கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார், அதற்கப்புறமும் பல வருஷம் புளி விற்றார். சுவருக்குப் புதுப் பெட்டி வந்தது. கறுப்புப் போன் அலமாரிக்குத் திரும்பியது, ஆயுத பூஜைக்கு அதன் வாயை விட்டுவிட்டு முதுகில் பொட்டு வைத்தார்கள். ஆனால் தன் சத்தம் அங்கே கேட்காதோ என்கிற மைனியின் பயம் மட்டும் போகவில்லை. எந்தப் போனில் மணி அடித்தாலும் முதலில் ஓடிப் போய் டார்ச் லைட்டை எடுப்பார். பட்டப்பகலில் அதை அழுத்திப் பார்ப்பார். எரிந்தால்தான் போனை எடுப்பார்.